கல்லூரி மாணவர்களின் உணவும் உடல்நலமும்: நேரத்திலிருந்து தொடங்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த உணவு நல்லது, எதைக் குறைக்க வேண்டும் என்பது கல்லூரிக்குச் செல்லும் வயதில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். கீரை, பழங்களின் நன்மையையும் பொரித்த தின்பண்டங்களின் தீமையையும் பள்ளிப் பாடப் புத்தகமே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அப்படியிருந்தும் முதல் ஆண்டிலேயே பலருடைய உணவுப் பழக்கம் சீர்குலைந்துவிடுகிறது. எப்போது சாப்பிடுவது, என்ன சாப்பிடுவது என்பதை அதுவரை வீட்டில் வேறொருவர் முடிவு செய்துகொண்டிருந்தார். இப்போது அந்த முடிவை வகுப்பு அட்டவணையும், மெஸ் திறந்திருக்கும் நேரமும், நள்ளிரவில் கைக்கு எட்டும் பொட்டலமும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி சத்துப் பட்டியலை விட்டுவிட்டுக் கடிகாரத்திலிருந்து தொடங்குகிறது. நேரம் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகு தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் திருத்துவது எளிது. நேரம் கலைந்து கிடக்கும்போது எவ்வளவு சிறந்த உணவுத் திட்டமும் சில நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

இந்த வயதுக்கென்று சில தனித் தேவைகள் உண்டு. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. எலும்பின் அடர்த்தி இருபதுகளின் பிற்பகுதி வரை கூடிக்கொண்டே வந்து உச்சத்தை அடைகிறது. அதன் பிறகு இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். மாதவிடாய் காணும் மாணவிகளுக்கு இரும்புச்சத்து ஒவ்வொரு மாதமும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இவை எவையும் உடனே வலிக்கும் விஷயங்கள் அல்ல என்பதால்தான் எளிதில் தள்ளிப்போடப்படுகின்றன.

படி 1: மூன்று நாட்களைப் பதிவு செய்யுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், வகுப்புள்ள இரண்டு நாட்களும் ஒரு விடுமுறை நாளுமாக மூன்று நாட்களுக்கு, வாயில் வைத்த ஒவ்வொன்றையும் அதன் நேரத்தோடு கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். கலோரியைக் கணக்கிட வேண்டியதில்லை. என்ன, எத்தனை மணிக்கு, எங்கே, அப்போது பசி எவ்வளவு இருந்தது, இரவு எப்போது தூங்கினீர்கள் என்பவை போதும்.

பெரும்பாலான பதிவுகளில் ஒரே விதமான நாள் திரும்பத் திரும்ப வரும். காலை 8.30 மணி வகுப்புக்கு வெறும் வயிற்றோடு ஓட்டம், 10.45 மணிக்குச் சர்க்கரை மிகுந்த காபியும் நான்கு பிஸ்கெட்டும், 2.15 மணிக்கு அவசரமாக ஒரு மதிய உணவு, மாலை 6 மணிக்குப் பொரித்த தின்பண்டம், இரவு உணவு பாதி, பிறகு 11.40 மணிக்கு உடனடி நூடுல்ஸ். இதில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் குறைசொல்வதைவிட, நாளின் உணவில் பெரும்பகுதி மாலைக்குப் பிறகே உள்ளே போகிறது என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. 10.45 மணி பிஸ்கெட்டுக்கும் 11.40 மணி நூடுல்ஸுக்கும் வேர் ஒன்றே: அதற்கு முந்தைய வேளை உணவு தவறியது அல்லது போதாமல் போனது.

படி 2: நேரங்களை முதலில் நிலைப்படுத்துங்கள்

வகுப்பு அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, வாரத்தின் எல்லா நாட்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அமையக்கூடிய மூன்று வேளைகளைக் குறியுங்கள். இரண்டு வேளைகளுக்கு இடையில் 4 முதல் 5 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், அந்த இடத்தில் ஒரு சிற்றுண்டியை முன்கூட்டியே திட்டமிட்டு வையுங்கள். திட்டமிடாத பசிதான் கேன்டீனின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் கொண்டுபோய் நிறுத்துகிறது.

காலை உணவைப் பற்றி மிகையான கூற்றுகள் நிறைய உண்டு. அதைத் தவிர்ப்பவர்களின் உடல்நலமும் மதிப்பெண்ணும் குறைவாக இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு தொடர்பைக் காட்டுகின்றனவே அன்றி, காலை உணவே காரணம் என்று நிறுவுவதில்லை; தூக்கக் குறைவு, பணத் தட்டுப்பாடு போன்றவையும் அதே மாணவர்களிடம் சேர்ந்தே இருக்கலாம். காலையில் பசியே எடுக்காத ஒருவர் வற்புறுத்தி உண்ண வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் காலையை விட்டுவிட்டு இரவில் கட்டுப்பாடு இழப்பவருக்கு, காலையில் புரதம் கொண்ட ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பதுதான் முதல் மருந்து. இரண்டு அவித்த முட்டையும் ஒரு வாழைப்பழமும், அல்லது பாலில் ஊறவைத்த ஓட்ஸோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலை என்றால் பத்து நிமிடம்கூடத் தேவைப்படாது.

இரவு உணவைத் தூங்கும் நேரத்துக்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. உடலின் உள்கடிகாரம் காரணமாக, அதே உணவு பகலில் உண்ணும்போது ஏற்றுவதைவிட இரவில் உண்ணும்போது இரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றுகிறது. தூக்கமும் உணவும் ஒன்றையொன்று இழுக்கின்றன. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தபோது, வயிறு நிறைந்ததைத் தெரிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவும் மிகுந்த உணவுகளின் மீது ஆசை அதிகரித்தது. கண்விழித்துப் படித்த மறுநாள் எதைப் பார்த்தாலும் தின்னத் தோன்றுவதை மன உறுதிக் குறைவு என்று எண்ணிக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

படி 3: தட்டை நான்காகப் பாருங்கள்

நேரம் ஓரளவு படிந்த பிறகு தட்டுக்கு வரலாம். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு அரிசி, கோதுமை போன்ற தானியம், மீதிக் கால் பங்கு பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, பால்பொருள் போன்ற புரத உணவு என்று அமைத்துக்கொண்டால், அளவுகோலும் தராசும் இல்லாமலேயே தேவையின் பெரும்பகுதி நிறைவேறிவிடும். நடைமுறையில் மாணவர் தட்டில் முக்கால் பங்கு தானியமாகவும், காய்கறி ஓர் ஓரத்தில் அடையாளத்துக்கு மட்டும் இருப்பதாகவும் காண்கிறோம். நாளொன்றுக்குக் காயும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம், நார்ச்சத்து குறைந்தது 25 கிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தானியத்தை முழுத் தானியமாக மாற்றுவதும், ஒரு வேளையிலாவது பயறோ பருப்போ சேர்ப்பதும் நார்ச்சத்துக் கணக்கை விரைவில் நிரப்பும்.

புரதத்தைப் பொறுத்தவரை, வயதுவந்தவருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பொதுவான பாதுகாப்பான அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது சுமார் 50 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம், ஒரு பெரிய கிண்ணம் வெந்த பருப்பில் சுமார் 16 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம் என்று கூட்டினாலே 43 கிராம் வந்துவிடும். மீதியைத் தானியமே தந்துவிடும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்களுக்குத் தேவை கூடுதல்தான். ஆனால் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் பெரிதாக இல்லை. புரதப் பொடி வசதியான ஒரு பொருள் என்பதற்கு மேல் அதில் மாயம் ஏதுமில்லை. அதை வாங்கும் பணத்தில் முட்டையும் பாலும் வாங்கினால் புரதத்தோடு வேறு சத்துகளும் கிடைக்கும்.

படி 4: இந்த வயதில் வழக்கமாகக் குறையும் சத்துகளைக் கவனியுங்கள்

எல்லாச் சத்துகளையும் பட்டியலிட்டுப் பயனில்லை. இந்த வயதில் உண்மையாகவே குறைபவை சில. அவற்றில் முதலிடம் இரும்புக்கு. உலக அளவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புக் குறைபாடு. படியேறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் கவனம் நிற்காதது, காரணமில்லாச் சோர்வு, முடி உதிர்வு போன்றவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். மாணவர்கள் இவற்றைப் படிப்புச் சுமை என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்வதால் குறை ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கிறது.

இரும்பில் எவ்வளவு உண்கிறோம் என்பதைவிட எதனோடு உண்கிறோம் என்பதற்கு முக்கியத்துவம் அதிகம். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. பருப்பு, கீரை, தானியம் ஆகியவற்றில் உள்ளதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. ஒரு கிண்ணம் பயறைச் சாப்பிட்டு முடித்த கையோடு தேநீர் குடித்தால், தேநீரிலுள்ள பாலிபீனால்கள் குடலில் அந்த இரும்போடு பிணைந்துகொண்டு, உட்கிரகிப்பைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக் கூடும். காபியும் இதே வேலையைச் செய்கிறது. அதே பயறின் மேல் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டாலோ, சாப்பிட்டவுடன் ஓர் ஆரஞ்சோ கொய்யாவோ தின்றாலோ, வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றிக் கிரகிப்பைக் கணிசமாகக் கூட்டுகிறது. தேநீரை விட வேண்டியதில்லை. உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் போதும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றத்தைத்தான் எல்லா மாணவிகளுக்கும் முதலில் பரிந்துரைப்பேன்.

சுண்ணாம்புச்சத்து நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் தேவை. 250 மில்லி பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உண்டு. பால் உண்ணாதவர்கள் தயிர், எள், முள்ளோடு உண்ணத்தக்க சிறுமீன், சுண்ணாம்புச்சத்து சேர்த்த சோயாப்பால் ஆகியவற்றை நாடலாம். பாலக் கீரையை இதற்காக நம்ப வேண்டாம். அதில் சுண்ணாம்புச்சத்து நிறைய இருந்தாலும் அந்தக் கீரையிலேயே உள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேர்வது மிகக் குறைவு.

வைட்டமின் பி12 இயற்கையில் விலங்கு உணவுகளில் மட்டுமே நம்பத்தக்க அளவில் கிடைக்கிறது. கல்லூரியில் சேர்ந்த பிறகு, பாலும் முட்டையும்கூட இல்லாத முழு நனிசைவத்துக்கு மாறும் மாணவர் ஒருவர் ஓரிரு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருப்பார், ஏனெனில் கல்லீரலின் இருப்பு அவ்வளவு காலம் தாங்கும். பிறகு கை கால் மரத்துப்போதல், மறதி, சோர்வு என்று அறிகுறிகள் தலைகாட்டும். ஆகவே பி12 சேர்க்கப்பட்ட உணவையோ மாத்திரையையோ மாறிய நாளிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் ஆய்வகத்திலும் நூலகத்திலும் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவதும் சகஜம். அது பெரும்பாலும் வெயிலில்தான் உருவாகிறது என்பதால் உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம்.

படி 5: குடிப்பவற்றைக் கணக்கில் சேருங்கள்

மூளையில் நாள் முழுவதும் சேரும் அடினோசின் என்ற பொருள் தூக்கத்தை வரவழைக்கிறது. காஃபீன் அது அமரும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சோர்வு தெரியாமல் போகிறது, ஆனால் சோர்வு தீர்வதில்லை. உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் பாதி இரவு 11 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம் காஃபீன்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. ஒரு கோப்பைக் காபியில் சுமார் 80 முதல் 100, தேநீரில் 40 முதல் 50, 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் வழக்கமாக 80 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டு உங்கள் நாளைக் கூட்டிப் பாருங்கள். பிற்பகல் 2 அல்லது 3 மணியைக் கடைசிக் கோப்பைக்கு எல்லையாக வைப்பது நல்லது. எனர்ஜி டிரிங்கை மதுவோடு கலப்பது ஆபத்தானது. போதை குறைவதில்லை, போதையை உணர்வதுதான் மங்குகிறது.

330 மில்லி கோலாவில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் கணக்கு. ஒரே ஒரு குளிர்பானம் அந்த இடத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிடுகிறது, அதுவும் வயிற்றை நிரப்பாமலேயே.

தண்ணீருக்கு எட்டுக் குவளை என்ற கட்டாய விதி எதுவும் கிடையாது. உடல் எடையில் 1 முதல் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே கவனமும் மனநிலையும் பாதிக்கப்படக் கூடும் என்பதால், சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதுமானது.

படி 6: பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகள் ஏன் அளவு மீற வைக்கின்றன என்பதற்கு, 2019-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்திய ஆய்வு நல்ல சான்று. 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் எளிய உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம் என்பதே நிபந்தனை. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது.

ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் என்ற வரியில் உள்ள எண், 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா, முழுப் பொட்டலத்துக்கா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். பரிமாறல் 35 கிராம், பொட்டலம் 70 கிராம் என்று இருந்தால் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும், ஏனெனில் பாதிப் பொட்டலத்தை மூடிவைப்பவர் எவருமில்லை. கிடைத்த சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். சோடியம் 2,000 மில்லிகிராம், அதாவது 5 கிராம் உப்பு என்பதே ஒரு முழு நாளின் எல்லை. மசாலா உறையில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி காய்கறியும் சேர்த்தால் அதே நூடுல்ஸ் ஓரளவு உணவாகிவிடும். அதை முற்றிலும் கைவிடுங்கள் என்று சொல்வதைவிட இது பலிக்கக்கூடிய அறிவுரை.

மெஸ்ஸிலும் கேன்டீனிலும் தேர்வு குறைவுதான். அங்கே சமையலை மாற்ற முடியாவிட்டாலும் அளவை மாற்றலாம்: பருப்பையும் காயையும் முதலில் எடுத்துக்கொண்டு, தானியத்தைக் கடைசியில் வைத்தால் தட்டின் விகிதம் தானாகவே மாறும்.

படி 7: அறையில் இருப்பையும் சமையலையும் ஒழுங்கு செய்யுங்கள்

இரவு 11 மணிக்கு எடுக்கும் முடிவு உண்மையில் கடைக்குப் போன அன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது. அறையில் எது இருக்கிறதோ அதுதான் உண்ணப்படும். குளிர்ப்பெட்டி இல்லாத அறையிலும் வறுத்த கடலை, வேர்க்கடலை, ஓட்ஸ், உலர்ந்த பழம், பால்பவுடர், வாழைப்பழம், ஆப்பிள் ஆகியவை கெடாமல் இருக்கும். பணம் இறுகும் மாதக் கடைசிக்கென்று பருப்பு, அரிசி, எண்ணெய் ஆகியவற்றை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவைத்துவிடுவது புத்திசாலித்தனம். பட்டினி கிடந்து சமாளிப்பதை மாணவ வாழ்க்கையின் இயல்பு என்று யாரும் ஏற்றுக்கொள்ளக் கூடாது. உதவி கிடைக்குமா என்று மாணவர் நல அலுவலகத்தில் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை.

சமைக்க வசதி உள்ளவர்கள் அரிசி, பருப்பு, காய்கறி மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் ஓர் உணவைக் கற்றுக்கொண்டாலே பாதி வாரம் ஓடிவிடும். மீந்ததை எப்படி வைப்பது என்பதில்தான் கவனம் தேவை. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். மறுபடி சூடாக்கும்போது உள்ளே 70 டிகிரியாவது எட்ட வேண்டும். வெந்த சோற்றிலும் பாஸ்தாவிலும் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒருவகை நச்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. 2008-இல் பிரசல்ஸில், ஐந்து நாட்களாகச் சமையலறையில் வெளியே இருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்ட 20 வயது மாணவர் ஒருவர் அன்றிரவே இறந்துபோனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இது மிக அரிதான முடிவு. வாந்தியோடும் வயிற்றுப்போக்கோடும் போவதே வழக்கம். ஆனால் சூடாக்கிவிட்டால் எதுவும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிட இந்த ஒன்றே போதும்.

படி 8: தேர்வு வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்

தேர்வுக்கு முன்பு புதிய உணவு, புதிய மாத்திரை, வழக்கத்தைவிட இரட்டிப்புக் காபி ஆகியவற்றைச் சோதிப்பது வயிற்றுக் கோளாறுக்கும் படபடப்புக்கும் வழி. தேர்வுக்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்பு, வயிற்றுக்குப் பழகிய, எண்ணெய் குறைந்த, கொஞ்சம் புரதமும் முழுத் தானியமும் உள்ள உணவை உண்ணுங்கள். மூளைக்கு உரம் என்று விற்கப்படும் மாத்திரைகளும் பொடிகளும் நலமுள்ள இளைஞர்களின் மதிப்பெண்ணை உயர்த்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. படித்தது நினைவில் பதிவது தூக்கத்தில்தான்.

படி 9: எடையையும் மனநிலையையும் நிதானமாகப் பாருங்கள்

கல்லூரி முதல் ஆண்டில் 15 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ எடை கூடிவிடும் என்று அமெரிக்காவில் பரவலான ஓர் அச்சம் உண்டு. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி ஏற்றம் 1.36 கிலோ மட்டுமே எனத் தெரிந்தது. இந்த வயதில் சிறிதளவு எடை கூடுவது உடல் முதிர்வின் பகுதியாகவும் இருக்கலாம். அச்சத்தில் தொடங்கும் கடும் உணவுக் கட்டுப்பாடுதான் எடையைவிடப் பெரிய கேட்டைச் செய்கிறது.

1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், நலமுள்ள 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் ஏறத்தாழ அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார். எடையில் சுமார் கால் பங்கு குறைந்தது என்பதைவிட, அவர்களுடைய மனத்தில் நடந்ததே முக்கியம். எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். எரிச்சலும் சோர்வும் மிகுந்து நண்பர்களிடமிருந்து விலகினார்கள். கவனம் நிற்கவில்லை என்று சொன்னார்கள். சோதனை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. பகல் முழுதும் பட்டினி கிடந்து இரவில் அளவின்றி உண்டுவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளும் மாணவரிடம் நடப்பது இதன் சிறு வடிவம். எடை குறைக்க வேண்டிய மருத்துவத் தேவை உள்ளவர்கள், குளிர்பானத்தையும் இரவுத் தின்பண்டத்தையும் குறைத்து, வேளை உணவைக் குறைக்காமல் மெதுவாகச் செல்வதே சரி.

மனச்சோர்வுக்கும் உணவுக்கும் தொடர்பு உண்டா என்பதில் மிதமான நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. 2019-இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வு அறிகுறிகளும் மோசமான உணவுப் பழக்கமும் கொண்ட 17 முதல் 35 வயது வரையிலான 76 பேரிடம் நடந்த மூன்று வார ஆய்வில், காய், பழம், முழுத் தானியம், மீன், கொட்டைகள் ஆகியவற்றைக் கூட்டிப் பதப்படுத்திய உணவைக் குறைத்தவர்களின் அறிகுறிகள் குறைந்தன. ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. எனவே நல்ல உணவு சிகிச்சைக்குத் துணையாகலாம், அதற்கு மாற்றாகாது.

படி 10: எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்

உணவை நினைத்தாலே பயம், உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுதல், பிறர் முன் உண்ணாமல் தவிர்த்தல், மாதவிடாய் நின்றுபோதல், எடை விரைவாக இறங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரையோ கல்லூரி மனநல ஆலோசகரையோ அணுக வேண்டும். உணவுச் சீர்குலைவு நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் தலையெடுக்கின்றன, ஆண்களுக்கும் வருகின்றன.

சில வாரங்களாக நீடிக்கும் சோர்வுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை எனப்படும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அதற்கும் சிகிச்சை தேவைப்படலாம். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையை நீங்களே தொடங்காதீர்கள். தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்களாலும் ஹீமோகுளோபின் குறையலாம், அப்போது இரும்பு உதவாது, சில நிலைகளில் தீங்கும் செய்யும். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை மலச்சிக்கலையோ வயிற்றெரிச்சலையோ உண்டாக்கினால், தானாக நிறுத்திவிடாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். பலருக்கு அந்த முறையும் நன்கு பலனளிக்கிறது. ஹீமோகுளோபின் அளவு இயல்பு நிலைக்கு வந்த பிறகும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் சுமார் 3 மாதங்கள் மாத்திரையைத் தொடரச் சொல்வது வழக்கம்.